கண்ணாடித் தண்ணி

சமயநல்லூர் ரோட்டில் வாழைப்பழ லாரி கவிழ்ந்ததே, அந்த வருஷம் நடந்தது இது. ரெண்டாயிரம் பிறந்து ரெண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வருஷக் கணக்கு எனக்குச் சரியாக வராது, லாரிக் கணக்குதான் வரும். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. டிரைவர் இறங்கி வந்து லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, "எடுத்துத் தின்னுங்கப்பா, இனிமே இது எங்க சந்தைக்குப் போக" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார். நான் அந்த வழியாக என் தங்கச்சி வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் ஒரு தார், கேரியரில் ஒரு தார். தங்கச்சி வீட்டுக்குப் போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன். என் சம்சாரம் பழத்தில் பணியாரம் சுட்டாள், பஜ்ஜி போட்டாள், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். அப்படியும் தீரவில்லை. "நாளைக்குச் சாம்பார்ல போடப் போறேன், பாத்துக்கங்க" என்று மிரட்டினாள்.

பழம் கிடைத்த அளவுக்கு அந்த வருஷம் தண்ணீர் கிடைக்கவில்லை. வைகையில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், மாடு படுத்துக்கிடந்தது. கார்ப்பரேஷன் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டால் பொம்பளைகள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். பாதி நேரம் அது காய்கறி வண்டியாக இருக்கும்.

எனக்கு அப்போது லேப்பில் வேலை. மதுரையில் கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்த தனியார் பரிசோதனைக்கூடம். சாயப்பட்டறைக்காரர்கள் கேன்களில் தண்ணீர் கொண்டுவருவார்கள். துணிக்குச் சாயம் போட்டு அலசிய தண்ணீர். அதில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது, வெளியே விடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பது படித்தவர்கள். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, கூட்டுவது, கழிவை டிரம்மில் கொண்டுபோய் ஊற்றுவது, டீ வாங்கி வருவது, இதெல்லாம் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. திருவாதவூரில் அடுத்தவர் வயலில் மண்வெட்டி பிடித்த கை. அந்தக் கையில் முதன்முதலாக ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்தபோது, பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரிதான் வாங்கினேன். கொஞ்ச நாளைக்குத் தூக்கத்தில்கூட எதையோ ஏந்திக்கொண்டுதான் படுத்திருப்பேனாம். சம்சாரம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சோதனை பார்க்க அழகாக இருக்கும். வயிறு பருத்த குடுவைகள் வரிசையாக அடுப்பில் உட்கார்ந்திருக்கும். உள்ளே பட்டறைத் தண்ணீர், ஆசிட், கொஞ்சம் பாதரச உப்பு, ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு மருந்து. ரெண்டு மணி நேரம் கொதிக்க வேண்டும். அழுக்கு அதிகம் என்றால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறிவிடும். ஆவி வெளியே போய்விடாமல் இருக்க ஒவ்வொரு குடுவையின் தலையிலும் நீளமான கண்ணாடிக் குழாய் நிற்கும். அந்தக் குழாய்க்குச் சட்டை போட்டது போல வெளியே இன்னொரு கண்ணாடி. ரெண்டுக்கும் நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற மருந்தை அது தொடாது. எங்கள் லேப்பின் சொந்த போர்த் தண்ணீர்தான். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இளஞ்சூடாக இறங்கி, சிங்க்கில் விழுந்து, சாக்கடைக்குப் போய்விடும்.

ஒருநாள் சிங்க் அடைத்துக்கொண்டது. குச்சி விட்டுப் பார்த்தேன், கம்பி விட்டுப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. அடுப்பில் குடுவைகள் கொதிக்கின்றன, தண்ணீரை நிறுத்தவும் முடியாது. ரப்பர் குழாயை ஜன்னல் கம்பி வழியாகப் பின்சந்துக்கு நீட்டிவிட்டேன். வேலை முடிந்து அதை உள்ளே இழுக்கப் போனால் குழாய் வரமாட்டேன் என்கிறது. எட்டிப் பார்த்தால், மறுமுனையை ஒரு பொம்பளை பிடித்திருக்கிறாள். கீழே பிளாஸ்டிக் குடம். அவளுக்குப் பின்னால் சந்து முழுக்கக் குடங்கள்.

"அண்ணே, நிப்பாட்டிராதீக. இன்னும் பாதிக் குடந்தான் நெறஞ்சிருக்கு."

அவள்தான் இட்லிக்கார அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவள், ஆனால் சந்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். சந்து முனையில் காலையில் இட்லி அவித்து விற்பாள். அவள் வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு எழுந்து நடமாட முடியாது. அந்த இட்லிக் கடைதான் அந்த வீட்டுக்குச் சோறு. அரிசி களைய, ஊறப்போட, மாவாட்ட, பாத்திரம் கழுவ என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். லாரியை நம்பி அவள் பாதி நாள் கடையே போடவில்லை.

சிங்க்கை மறுநாளே சரிசெய்துவிட்டோம். குழாய் மட்டும் ஜன்னலிலேயே தங்கிவிட்டது. குடுவையை அடுப்பில் ஏற்றினால் போதும், பின்சந்து கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். சிரிப்பு, சண்டை, முந்தின நாள் டி.வி.யில் பார்த்த நாடகம், யார் மருமகள் என்ன சொன்னாள் என்று எல்லாம் ஜன்னல் வழியாக எனக்கு வந்துவிடும். கழுவிக்கொண்டே கேட்பேன். வேலை அலுப்பே தெரியாது.

அந்தத் தண்ணீருக்கு அவர்களே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். கண்ணாடித் தண்ணி. கண்ணாடிக்குள் புகுந்து வருவதால் அது சுத்தமாகிவிடுகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. பாத்திரக் கடை பாய் வீட்டு அம்மா அதில் முட்டியைக் கழுவி வலி போய்விட்டது என்றார். பிள்ளைக்கு ஊற்றினால் நன்றாகத் தூங்குகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது, முடி கொட்டுவது நின்றுவிட்டது. இட்லிக்கார அக்காவைக் கேட்கவே வேண்டாம். அதில் ஆட்டிய மாவு பூப்போல எழுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித்தான் தட்டையே நீட்டுவாள்.

நான் ஜன்னலில் நின்று சொல்லிப் பார்த்தேன். "ஏத்தா, அது வெறும் போர்த் தண்ணிதான். அடுப்புச் சூட்டுல லேசா வெதுவெதுங்குது, அம்புட்டுத்தான்."

"உங்களுக்கு என்னண்ணே தெரியும்? நீங்க கழுவத்தான செய்யிறீக!"

சந்தே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் லேப்புக்குப் பொறுப்பாக மேடம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம், அவர் சித்தப்பா, மாமா எல்லாரும் தறி, சாயம் என்று இருப்பவர்கள். மத்தியானம் அம்மாவோடு போனில் அவர்கள் வீட்டுப் பேச்சில் பேசுவார். எனக்கு அதில் "லேப்", "ஆசிட்", "டென்ஷன்" மூன்றும்தான் புரியும். அதை வைத்தே முழுக் கதையையும் ஊகித்துக்கொள்வேன்.

வந்த புதிதில் ஒருநாள், நான் கழிவு ஊற்றுகிற டிரம் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்ன அண்ணே?"

"சோதிச்சு மிச்சமான மருந்து, மேடம். டிரம் நெறஞ்சா வண்டி வந்து எடுத்துட்டுப் போகும்."

"பட்டறைத் தண்ணி கெட்டதான்னு நாம சோதிக்கிறோம். இதை யாரு சோதிப்பா?"

டீ வேண்டுமா என்று கேட்டேன். அவர் டிரம்மையே பார்த்துக்கொண்டு, வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் லேப் போர்டில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டார். தோசையை நாலாகப் பிய்ப்பதற்குக் கோடு போட்ட மாதிரி நாலு பாகம். எல்லாரையும் கூப்பிட்டார், என்னையும் சேர்த்து. ஒரு சோதனை தண்ணீரைப் பற்றிச் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, அந்தச் சோதனையே மண்ணுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்றும் பார்க்க வேண்டும், வெளியூர்களில் இப்படித்தான் இப்போது பார்க்கிறார்கள் என்றார். முதல் பாகத்துக்கு, போடுகிற மருந்து மண்ணில் போனால் மக்காமல் கிடந்து மீனிலும் ஆட்டிலும் மாட்டிலும் சேர்ந்துகொண்டே போகுமா என்பது கேள்வி. ரெண்டாவது, அது விஷமா. மூன்றாவது, பட்டால் அரிக்குமா. நாலாவது, கடைசியில் மிச்சமாக வெளியே போவது எவ்வளவு. கெடுதல் இல்லை என்றால் அந்தப் பாகத்துக்குப் பச்சை அடிக்கலாம். கெடுதல் என்றால் வெள்ளைச் சாக்பீஸ்தான் அடிக்க வேண்டும்.

எங்கள் குடுவை முறைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதரசம் மக்காது, முதல் பாகம் போச்சு. விஷம், ரெண்டாவதும் போச்சு. ஆசிட் அரிக்கும், மூன்றாவதும் இல்லை. மிச்சத்தைக் கேட்கவே வேண்டாம், டிரம் நிற்கிறது, போதாததற்கு ரெண்டு மணி நேரம் தண்ணீர் வேறு ஓடுகிறது. வட்டம் முழு நிலா மாதிரி வெள்ளையாக நின்றது.

பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டார். அது அவர் கொண்டுவர நினைத்த புது முறை. சுண்டுவிரல் அளவுக்கு மூடி போட்ட கண்ணாடிக் குழல்கள். அதே மருந்துதான், ஆனால் சொட்டுச் சொட்டாக. மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவியைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடவேண்டிய அவசியமே இல்லை. மூன்று பாகம் அதிலும் வெள்ளைதான். நாலாவதுக்கு மட்டும் பச்சை அடித்தார். அந்த ஒரு கால் வட்டத்துக்கு மேடம் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! கைதட்டினார். "அண்ணே, எல்லாருக்கும் பால்பன் வாங்கிட்டு வாங்க" என்றார். நான் ஒன்றுக்கு ரெண்டாகத் தின்றேன்.

புது முறையை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று காலை, குடுவைகளை இறக்கி வைத்துவிட்டுச் சின்னக் குழல்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஜன்னலில் தொங்கிய ரப்பர் குழாய் ஆடியது. ஆட்டியது இட்லிக்கார அக்கா. குழாயின் முனையைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறாள், ஊதுகிறாள், உதறுகிறாள்.

"அண்ணே! இன்னிக்குக் கண்ணாடித் தண்ணி வரல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னலைப் பார்த்தார். அந்தக் குழாய் எங்கே போகிறது என்றே அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சந்தே வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆளுக்கொரு குடம் இடுப்பில்.

"மேடம், தண்ணிய நிப்பாட்டினது நீங்களா?" அக்காதான் கேட்டாள்.

"இல்லம்மா, அது வீணாப் போற தண்ணி. ரெண்டு மணி நேரம் சும்மா ஓடுது..."

"வீணாவா? யாரு சொன்னா? என் வீட்டு அண்டாவுல இருக்கு, வந்து பாருங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அக்கா போர்டைப் பார்த்தாள்.

"அது என்ன ரெண்டு வட்டம்? கோலமா?"

மேடம் பொறுமையாகச் சொன்னார். எனக்குச் சொன்ன அதே நாலு கேள்வி. அக்கா இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். பிறகு பழைய முறை வட்டத்தின் நாலாவது பாகத்தில் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு வெள்ளையாக் கெடக்கு?"

"மிச்சம் ஜாஸ்தி. அதுல பெரும்பங்கு தண்ணி."

"மிச்சமே இல்லையே மேடம். நாங்க ஒரு சொட்டு கீழ விடலயே."

சொல்லிவிட்டுப் பச்சைச் சாக்பீஸை எடுத்து அந்தப் பாகத்தில் அவளே அடித்துவிட்டாள். கை ஈரம். சாக்பீஸ் குழைந்து கோட்டைத் தாண்டி வழிந்தது. அதைப் பற்றியெல்லாம் அவள் கவலைப்படவில்லை.

"இப்பப் பாருங்க. அதுக்கும் ஒரு காலு, இதுக்கும் ஒரு காலு. சரிக்குச் சரி. தண்ணியத் தொறந்துவிடுங்க."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வட்டத்தைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், மறுபடியும் வட்டத்தைப் பார்க்கிறார். "நீங்க சொல்றது தப்பில்ல" என்றார். பிறகு எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் டிரம்மைக் காட்டினார். தண்ணீர் உங்களுக்குப் போகிறது, இது எங்கே போகும் என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார்.

"அந்தக் கண்ணாடி என்னிக்காவது உள்ளுக்குள்ள விரிசல் விட்டா, ஆசிட் உங்க குடத்துக்கு வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா."

அக்காவின் முகம் மாறிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என் கடை? அரிசி ஊறப்போட்டு வச்சிருக்கேன் மேடம். தண்ணி இல்லாம நான் எப்படி மாவாட்ட? லாரி வரும்னு இன்னொரு தடவ என்னால உக்காந்திருக்க முடியாது."

"தண்ணி நம்ம போர்லதான இருக்கு? கண்ணாடிக்குள்ள விடாம நேரா உங்களுக்கே ஒரு குழாய் வச்சிட்டாப் போச்சு."

பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெறும் குழாத் தண்ணியா?" என்றார் பாய் வீட்டு அம்மா. "எங்களுக்குக் கண்ணாடித் தண்ணிதான் வேணும். என் முட்டி கேக்காது."

"இட்லி கல்லாப் போயிரும்" என்றாள் அக்கா.

மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சரி. சோதிச்சிருவோம்."

பழைய முறையும் புது முறையும் ஒரே விடை சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடைசியாக ஒருமுறை குடுவைகளை ஏற்ற வேண்டியிருந்தது. மேடம் முதலில் ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அன்று வந்த கண்ணாடித் தண்ணியில் ஒரு பானை மாவு, நேராகக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் ஒரு பானை மாவு. ரெண்டையும் ஆட்டியது அக்காதான். மாவு பொங்கிய பிறகு, காலையில் லேப் வாசலிலேயே அடுப்பை வைத்து அவித்தாள். மேடம் ரெண்டு தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், தட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டு வந்தார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து லேப் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாசலில் அடுப்பு, இட்லிக் கொப்பரை, சந்து முழுக்க ஜனம்.

"என்னம்மா இது, லேப்பா ஹோட்டலா?"

மேடம் விஷயத்தைச் சொன்னார். முதலாளி நெற்றியைச் சுருக்கினார்.

"தெருவுக்குக் குழாயா? இன்னிக்கு ஒரு குழாய் குடுத்தா நாளைக்கு உரிமைம்பாங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் சார், நீங்க வீணாக்கிக்கிட்டு இருந்தப்ப நாங்க உரிமை கேட்டமா? மனசறிஞ்சு குடுக்கும்போதா கேக்கப் போறோம்? முதல்ல உக்காந்து சாப்பிடுங்க."

அவரால் மறுக்க முடியவில்லை. தினமும் அவள் இட்லியைத்தான் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். உட்கார்ந்தார். எல்லாரும் சாப்பிட்டோம். இந்தத் தட்டு என்று சிலபேர், அந்தத் தட்டு என்று சிலபேர். முதலாளி எதுவும் சொல்லாமல் ரெண்டு தட்டிலும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். சட்னி தீர்ந்து மறுபடி அரைத்தார்கள்.

கடைசியில் அக்கா. ஒரு தட்டில் ஒரு விள்ளல், கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இன்னொரு தட்டில் ஒரு விள்ளல். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்! கண்ணாடித் தண்ணி. நாக்குல வைக்கும்போதே வழுக்கிக்கிட்டுப் போகுது பாருங்க. இதக் கண்டுபிடிக்க ஒரு சோதனையா?"

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அக்கா, அதுதான் வெறும் குழாய்த் தண்ணி."

முதலில் வெடித்தது பாய் வீட்டு அம்மாதான். "யா அல்லா! அப்ப என் முட்டி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அது சூட்டுக்குக் கேட்டிருக்கும்மா. வீட்டுல வெந்நி வச்சு ஊத்துங்க" என்று மேடம் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு சத்தம். முதலாளிக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டினேன். முதலாளி தலையில் தட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அக்கா மட்டும் அசரவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அப்ப எல்லாம் என் கைப்பக்குவம்தான்னு சொல்லுங்க. எந்தத் தண்ணியா இருந்தா எனக்கென்ன? குழாய எங்க வைக்கிறீக?"

முதலாளி தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். "காலையில மட்டும். முன்னால குடுவை கொதிக்கிற நேரம் இருந்துச்சுல்ல, அந்த நேரத்துக்குத்தான். சண்ட கிண்ட போட்டா மூடிருவேன்" என்றார். பாத்திரக் கடை பாய் ஒரு பித்தளைக் குழாயைக் கொண்டுவந்து அவரே திருகி மாட்டினார். முதல் குடம் அக்காவுக்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி, "எம்புட்டு வேகமா வருது பாருங்கண்ணே, உங்க ரப்பர் குழா சனியன் மாதிரி ஒழுகும்" என்றாள். அதுதான் எனக்குக் கிடைத்த நன்றி.

குடுவைகள் அலமாரிக்குப் போய்விட்டன. டிரம் நிறைவதற்கு நாளானது, வண்டி எப்போதாவதுதான் வந்தது. எனக்குக் கழுவுகிற வேலையும் குறைந்துவிட்டது. மிச்ச நேரத்தில் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுச் சந்துக் கதையை உட்கார்ந்தே கேட்டேன். லாரி வராத நாளிலும் அக்காவின் அடுப்பு எரிந்தது. மேடம் போர்டில் அந்த ரெண்டு வட்டத்தையும் அழித்துவிட்டு, அடுத்த சோதனைக்குப் புது வட்டம் போட்டார். நாலு பாகம்தான். ஆனால் வட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு குடம் வரைந்திருந்தார். அது எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு, "குழாயோட அந்த முனையில யாரு நிக்கிறான்னு பாக்கறதுக்கு" என்றார்.

எனக்கு எழுதத் தெரியாது, நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். இப்படி வட்டம் போட்டு எது நல்ல முறை, எது கெட்ட முறை என்று பார்க்கிற வேலையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கெட்ட முறையை நிறுத்தட்டும், கட்டாயம் நிறுத்தட்டும். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு எட்டு பின்சந்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், கழுவுகிறவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடுவார்கள். இட்லிக்கார அக்கா சொன்னதாகச் சொல்லுங்கள்.